அவளுடைய நேர்ச்சை, என் கால்கள்: சிதம்பரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு

முதல் நாள், 2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு: சிதம்பரம் – சீர்காழி

இந்த நடை என் மனைவிக்கு உரியது. மகள் பிறந்த ஆண்டில் ஆரோக்கிய மாதாவுக்கு நேர்ந்துகொண்டவள், அதன்பின் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதக் கடைசியில் காவிச் சேலை உடுத்திப் பங்கு மக்களோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போவாள். ஆகஸ்ட் 29 அன்று மாலை திருவிழாக் கொடியேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவளுடைய குழுவின் வழக்கம். நான் கோவில் வாசல்வரை பையைத் தூக்கிக்கொண்டு போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவேன். நான் லுத்தரன் சபையில் பிறந்து வளர்ந்தவன். நேர்ச்சை, செபமாலை, திருத்தலம் என்ற சொற்கள் எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. எங்களுக்குத் திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் அவள் ‘செபம்’ என்று எழுதுகிறாள், நான் ‘ஜெபம்’ என்று எழுதுகிறேன்.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நடக்கிறது. அதற்காக அவளுடைய இடக்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தமனியையும் சிரையையும் இணைத்து ஒரு சிறு அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் விரைந்தோடும் அதிர்வு தெரியும். மூடிய குடத்துக்குள் வண்டு சுற்றுவதைப் போல இருக்கும். அது நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதால், தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். விழித்ததும் நான் செய்கிற முதல் வேலை அதுதான். “ஓடுதா?” என்று அவள் கேட்பாள். “ஓடுது” என்று சொன்ன பிறகே எங்கள் வீட்டில் அடுப்பு பற்றும்.

கடந்த ஓராண்டாக என்னால் ஜெபிக்க முடியவில்லை. கடவுள் இல்லை என்ற எண்ணம் எனக்கு ஒருபோதும் வந்ததில்லை, சொற்கள்தான் வற்றிவிட்டன. வேதாகமத்தைத் திறந்தால் 88ஆம் சங்கீதத்தைத் தாண்டிப் போக மாட்டேன். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் கடைசி வரிகளிலாவது ஒரு நன்றியோ நம்பிக்கையோ எட்டிப் பார்க்கும். அந்தச் சங்கீதமோ இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அப்படியொரு பாட்டையும் வேதத்துக்குள் விட்டுவைத்திருக்கிறார்களே என்பது மட்டுமே எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. இதையெல்லாம் நான் அவளிடம் சொன்னதில்லை. ஆனாலும் சென்ற மாதம் ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வரும்போது, “ஏங்க, இந்த வருஷம் எனக்குப் பதிலா நீங்க நடக்குறீங்களா?” என்று கேட்டாள். மகள் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று ஒவ்வோர் இரவும் எழுதி அனுப்ப வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. அதனால் இதை எழுதுகிறேன்.

காலைத் திருப்பலி முடிந்து இருபத்து மூன்று பேர் புறப்பட்டோம். முன்னால் மாதாவின் சிறிய சப்பரம், சக்கரம் வைத்த வண்டியில் போகிறது. கொள்ளிடம் பாலத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. சென்னையிலிருந்து பல நாள்களாக நடந்து வரும் ஒரு குழு எங்களைக் கடந்தது. அவர்களில் பலர் செருப்பில்லாமல் நடந்தார்கள். பாலத்தின் நடுவில் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். நான் புட்டியைத் திறந்து வாயருகே கொண்டுபோய், மறுபடி மூடிவிட்டேன். என் மனைவிக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது. காப்பி, மோர், ரசம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். காலையிலேயே ஒரு எவர்சில்வர் சொம்பில் அளந்து வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் வாய்வாயாகக் குடிப்பாள். கீழே கொள்ளிடம் ஓடிக்கொண்டிருந்தது.

இரவில் அவளிடம் இதைச் சொன்னேன். “நல்லாக் குடிங்க. எனக்கும் சேர்த்துத்தான் குடிக்கிறீங்க” என்றாள்.

இரண்டாம் நாள், ஆகஸ்ட் 26, திங்கள்: சீர்காழி – திருக்கடையூர்

விடியற்காலை நான்கு மணிக்கே நடக்கத் தொடங்கினோம். இருட்டில் நடக்கும்போது செபமாலை சொல்வது இவர்கள் வழக்கம். ஒருவர் முதற்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பிற்பாதியைச் சேர்ந்து சொல்கிறார்கள். என் மனைவியின் செபமாலை என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை எடுத்து உருட்டத் தயக்கமாக இருந்தது. எங்கள் சபையில் ஜெபம் என்றால் மனத்திலிருந்து புதிதாக எழ வேண்டும், ஒரே வாக்கியத்தை ஐம்பது முறை சொல்வதில் என்ன பொருள் என்று கேட்டுப் பழகியவன் நான். கிழக்கு வெளுத்து வரும் நேரத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. சொந்தச் சொல் ஏதும் இல்லாதவனுக்கு, ஏற்கெனவே யாரோ செய்து வைத்த சொல் பெரிய உதவி. நான் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நடப்பவர் முதற்பாதியைச் சொன்னால் என் வாயில் பிற்பாதி வந்துவிடும். அது முடிவதற்குள் அவர் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். மூச்சு விடுவதைப் போல அது தானாக நடந்தது. ஓராண்டுக்குப் பின் வாய்விட்டு ஜெபித்திருக்கிறேன் என்பது, தேநீருக்காக நின்றபோதுதான் உறைத்தது.

மதியம் சாலையோரம் ஒரு குடும்பத்தார் கஞ்சி ஊற்றினார்கள். எங்களோடு நடக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே குடித்தார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில், கத்தோலிக்கரான அவர் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். பஞ்சம் தீர வேண்டும் என்று இறைவனிடம் மன்றாடிக் கீர்த்தனைகளும் பாடினார். அவர் பாட்டை மட்டும் எழுதியிருந்தாலோ, கஞ்சியை மட்டும் ஊற்றியிருந்தாலோ இத்தனை ஆண்டுகள் கழித்து இந்தச் சாலையில் அவரை நினைத்திருக்க மாட்டோம் என்று தோன்றியது.

திருக்கடையூரில் இரவு தங்கல். மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் எமனை உதைத்த தலம் என்பதால், இங்கே அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நாள்தோறும் நடக்கின்றன. மாலையும் கழுத்துமாகப் பேரப்பிள்ளைகள் சூழ நின்ற ஒரு முதிய தம்பதியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அம்மாவின் கையை அவர் பிடித்திருந்தார். எனக்கு அறுபது ஆக இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதற்கு மேல் எழுத வரவில்லை.

மூன்றாம் நாள், ஆகஸ்ட் 27, செவ்வாய்: திருக்கடையூர் – தரங்கம்பாடி

இன்று நடை குறைவு. எட்டு கிலோமீட்டர்தான் இருக்கும். கால்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதற்காகக் குழுத் தலைவர் தரங்கம்பாடியிலேயே தங்கிவிட முடிவு செய்தார். மற்றவர்கள் நிழலில் படுத்துவிட்டார்கள். நான் தனியாக இராஜ வீதிக்குப் போனேன். இது என் சபையின் தாய்வீடு. சிறுவனாக என் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிறகு இப்போதுதான் வருகிறேன்.

டேனிய அரசர் அனுப்பிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, 1706 ஜூலை 9 அன்று, அப்போது டேனியர் வசமிருந்த இந்தக் கரையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அதையெல்லாம் பள்ளிநாளிலிருந்தே கேட்டிருக்கிறேன். இன்று எனக்கு வேண்டியிருந்தது வேறொரு செய்தி. 1708 அக்டோபரில் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே, அவரோடு பகை கொண்டிருந்த டேனிய ஆளுநர் அவரைப் பிடித்து டேன்ஸ்பர்க் கோட்டையில் அடைத்துவிட்டார். நான்கு மாதம் சிறை. எந்த அரசர் அவரை ஊழியத்துக்கு அனுப்பினாரோ, அந்த அரசரின் கோட்டையிலேயே அவர் அடைபட்டுக் கிடந்தார். வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கி, 1711இல் மொழிபெயர்ப்பை முடித்தார். 1715இல் அது இதே ஊரில் அச்சாகி வெளிவந்தது.

கோட்டைச் சுவரின் உட்புறம் கடற்காற்றில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. கை வைத்தால் சுண்ணாம்பு மாவாக ஒட்டுகிறது. அவர் எந்த அறையில் இருந்தார் என்று தேடவில்லை. ஏதோ ஓர் இருட்டறையின் வாசலில் நின்று அலைகளைக் கேட்டேன். சிறைக்குள் அவருக்கும் இதே ஓசைதான் கேட்டிருக்கும். தொடங்கிய ஒரே மாதத்தில் நின்றுபோன வேலையை அந்த நான்கு மாதமும் அவர் எப்படி நினைத்துக்கொண்டிருந்திருப்பார்? ‘உம்முடைய வேலைக்குத்தானே வந்தேன்’ என்று கேட்டிருக்க மாட்டாரா? கேட்டிருப்பார் என்றுதான் நம்புகிறேன். அப்படிக் கேட்கத் துணியாதவரால் சங்கீதங்களை வாசித்திருக்க முடியாது.

புதிய எருசலேம் ஆலயத்தை அதன் பணியாளரான கோயில்பிள்ளை திறந்துவிட்டார். சீகன்பால்கு கட்டி 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம் இது. அடுத்த பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில், அவர் இறந்துபோனார். ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கல்லின் அருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பழைய ஏற்பாட்டையும் அவர் மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தார். ரூத்தின் புத்தகம் வரை வந்தபோது ஆயுள் முடிந்துவிட்டது. ரூத்து, கணவனை இழந்தவளின் கதை. இனி எதுவும் மீதியில்லை என்று நினைத்த இரண்டு பெண்கள் ஒருவர் கையை ஒருவர் விடாமல் பெத்லகேமுக்கு நடந்து போன கதை. அதற்கடுத்த புத்தகத்தை வேறொருவர் கையில் எடுத்தார். அவருக்குப் பின் வந்த சூல்ச்சே 1728க்குள் பழைய ஏற்பாட்டை முடித்து அச்சிட்டார். அதன்பின் பப்ரிசியு வந்தார், இன்னும் பலர் வந்தார்கள். இன்று என் கையில் இருக்கும் வேதாகமத்தில் எத்தனை பேருடைய திருத்தங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். தாம் தொடங்கியதைத் தாமே முடித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ஆனாலும் அது ரூத்தோடு நின்றுவிடவில்லை.

இன்று அவளுக்கு டயாலிசிஸ் நாள். மதியம் ஒரு மணிக்கு, அவளை இயந்திரத்தோடு இணைக்கிற நேரத்தில், அந்தக் கல்லின் அருகே செபமாலையை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை துயர மறையுண்மைகளைத் தியானிக்க வேண்டும் என்று நேற்றுச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதலாவது, கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் ரத்தம் வியர்த்தது. அந்தக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று அவரே கேட்டார், அது நீங்கவில்லை. இதை எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமைகளில் பிரசங்கமாகக் கேட்டிருக்கிறேன். கேட்டதைக் கொடுக்காத கடவுளிடம் கேட்டவர் கடவுளின் மகன்தான் என்பதை, இன்று அந்த ஆலயத் தரையில் உட்கார்ந்து, முதல் முறையாகக் கேட்டதுபோல் கேட்டேன். ஒரு லுத்தரன் ஆலயத்தில், சீகன்பால்கின் கல்லறைக்கு அருகே கத்தோலிக்கச் செபமாலை உருட்டியதைப் பார்த்த கோயில்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, “வீட்ல யாருக்குங்க ஐயா சுகமில்லை?” என்று மட்டும் கேட்டார்.

நான்காம் நாள், ஆகஸ்ட் 28, புதன்: தரங்கம்பாடி – காரைக்கால் – நாகூர்

நீண்ட நடை. காரைக்காலுக்கு முன்பே என் வலது குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. இரண்டு இளைஞர்கள் ஒரு சொல்லும் கேட்காமல் என் பையை வாங்கிச் சப்பர வண்டியில் கட்டிவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகத் தோள் கொடுத்தார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுபவர், மற்றவர் கல்லூரி மாணவர். என் உடம்பின் பாரத்தை இன்னொருவர் மேல் சாய்ப்பது எனக்குப் பழக்கமில்லாத ஒன்று. வீட்டில் தாங்குகிறவன் நான் என்றே இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில், நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துகொண்டு வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்துப் படுக்கையோடு கீழே இறக்குவார்கள். இயேசு ‘அவர்களுடைய’ விசுவாசத்தைக் கண்டார் என்று அங்கே எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவனுக்கு விசுவாசம் இருந்ததா, என்னைப் போலச் சொல் வற்றிக் கிடந்தானா என்பதைப் பற்றிச் சுவிசேஷம் எதுவும் சொல்லவில்லை. இன்று நாகூர் வரும்வரை அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் மனைவியை நான் சுமந்துகொண்டு போகிறேன் என்று நினைத்துத்தான் சிதம்பரத்தில் புறப்பட்டேன்.

நாகூர் தர்காவின் மினாராக்கள் விளக்கொளியில் வெகுதூரத்திலேயே தெரிந்தன. தேநீர்க்கடை பாய் எங்கள் இருபத்து மூன்று பேரிடமும் காசு வாங்கவில்லை. “மாதாகிட்ட எங்களுக்கும் சேர்த்துக் கேளுங்க” என்றார்.

ஐந்தாம் நாள், ஆகஸ்ட் 29, வியாழன்: நாகூர் – நாகப்பட்டினம் – வேளாங்கண்ணி

நாகப்பட்டினத்தைத் தாண்டும்போது எல்லோருடைய பேச்சும் குறைந்துவிட்டது. வருகிற டிசம்பர் 26 வந்தால் சுனாமிக்கு இருபது ஆண்டுகள். இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக் கரையில் விழாவுக்கு வந்திருந்த பயணிகள் குடும்பம் குடும்பமாக நின்றிருந்தார்கள்.

ஊரைக் கடந்து சற்றுத் தூரத்தில் சாலையோரம் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், பந்தல் போட்டு நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் குங்குமம் இருந்தது. மோரைக் கொடுத்த கையோடு, ஒரு பிளாஸ்டிக் குடத்தில் மஞ்சள் கலந்த தண்ணீரை எடுத்து ஒவ்வொருவர் காலிலும் ஊற்றினார். என் குதிகாலைப் பார்த்ததும் குனிந்து, கட்டுத் துணி நனையாதபடி ஒரு கையால் மறைத்துக்கொண்டு ஊற்றினார். யாருக்காக நடக்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். பிறகு, நான் கேட்காமலேயே, “எனக்கு ரெண்டு புள்ளைங்க. அலையில போயிடுச்சுங்க. ஏன் போச்சுன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சுண்ணே. அதுக்கு யாரும் பதில் சொல்லல. இந்தத் தண்ணிய ஊத்துறப்ப மட்டும் அதுங்க காலைக் கழுவி விட்ட நெனப்பு வரும்” என்றார். பெரிய வியாழக்கிழமை ஆலயங்களில் குருவானவர் பன்னிருவர் பாதத்தைக் கழுவுவதை என் மனைவியோடு போய்ப் பார்த்திருக்கிறேன். இன்று என் பாதத்தைக் கழுவியவர் கிறிஸ்தவர் அல்லர். அவரிடம் சொல்ல எனக்கு எந்தச் சொல்லும் இல்லை. இல்லை என்பதில் இந்த முறை வெட்கமும் இல்லை.

பிற்பகலில் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரங்கள் தெரிந்ததும் “மரியே வாழ்க” என்ற குரல் எழுந்தது. குழுவில் பலர் அழுதார்கள். 2004இல் கடல்நீர் ஆலயத்துக்குள் வரவில்லை என்பதைப் பெரிய அற்புதமாக வழியெல்லாம் சொல்லக் கேட்டேன். அப்படிச் சொல்பவர்களின் பக்தியை மதிக்கிறேன். ஆனால் அதே காலையில், அதே மாதாவைத் தேடி வந்தவர்கள், ஆலயத்துக்குக் கூப்பிடு தூரத்தில் செத்துப்போனார்கள். கட்டடத்தைக் காத்து மக்களைக் கைவிட்ட கடவுளை நான் வணங்க மாட்டேன். மணலில் மூச்சுத்திணறியவர்களோடு அவரும் அங்கே கிடந்தார் என்று நம்புகிறேன். சிலுவையைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதெல்லாம் அதுதான். கடற்கரைக்குப் போய் அலையில் கால் நனைத்து, அந்தப் பெண்ணின் இரண்டு பிள்ளைகளுக்காக ஜெபித்தேன். பெயர் கேட்க மறந்துவிட்டேன்; பெயரில்லாமலேயே ஜெபித்தேன்.

ஆலயத்திலிருந்து மாதா குளத்துக்குப் போகிற மணல் பாதையில் பலர் முழங்காலால் நடந்துகொண்டிருந்தார்கள். மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்கு நடுத்திட்டில் மாதா காட்சி தந்து நடக்க வைத்தார் என்பதும், புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் நேர்ந்துகொண்டு கரையேறிய நாள் செப்டம்பர் 8 என்பதும் இங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிற மரபு. கடைகளில் கண், கை, கால், வீடு, தொட்டில் என்று உருவம் பதித்த தகடுகள் விற்கிறார்கள். நான் ஒரு கை வாங்கினேன். இடக்கையா வலக்கையா என்று கடைக்காரரிடம் கேட்டேன். “திருப்பிப் பிடிச்சா எந்தக் கையும் வரும் சார்” என்றார். கட்டைவிரல் சரியான பக்கம் வரும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டுக்கு மேலே, தழும்பு இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வரிசையில் நின்றேன். காணிக்கைத் தட்டில் அதை வைக்கும்போது சுகம் தர வேண்டும் என்று கேட்டேன். சுற்றி வளைக்காமல், சிறு பிள்ளையைப் போலக் கேட்டேன். ஓராண்டாக என்னால் முடியாத சொல் அதுதான்.

மாலையில் கொடி ஊர்வலமாக வந்தது. கூட்டத்தில் என்னால் கம்பத்தின் மேற்பாதியை மட்டுமே பார்க்க முடிந்தது. கொடி மேலே ஏற ஏற வேட்டுச் சத்தமும் மணியோசையும் ஒன்றாகக் கேட்டன. அவளை அழைத்தேன். அப்போதுதான் டயாலிசிஸ் முடித்து வீட்டுக்கு வந்து படுத்திருந்தாள், குரல் களைத்திருந்தது.

“ஏறிடுச்சா?”

கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். சிறிது நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கேக்குதுங்க” என்றாள்.

“கையைப் பாரு” என்றேன்.

“பாத்துட்டேன். ஓடுது.”

நாளைக் காலை முதல் பேருந்துக்கு ஊர் திரும்புகிறேன். அடுத்த டயாலிசிஸ் சனிக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு.